இல்லை என்று சொல்ல ஒரு பொத்தான் போதும்

வேலை கிடைக்காததற்காக யாரும் ரொம்ப நாள் புலம்புவதில்லை. பத்து பேர் போகிற இடத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிடைக்கவில்லை என்பதைக்கூட எவரும் வாய்திறந்து சொல்லாததுதான் இன்றைய புலம்பல்.

என் சித்தி மகள் மதுரையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். உடனே போன் வந்தது. வீடியோ காலில் ஒரு சுற்று, அடுத்து எக்செல் தேர்வு, அதன்பின் நேரில் வரச் சொன்னார்கள். லீவு போட்டு, ராத்திரி பஸ் பிடித்து, பதினொரு மணி இன்டர்வியூவுக்குப் பத்தரைக்கே போய் உட்கார்ந்தாள். உள்ளே கூப்பிட்டபோது மணி மூன்று. கேள்வி கேட்டவர் அவள் ரெஸ்யூமேயை அப்போதுதான் முதல் தடவையாகப் புரட்டினார். ஆனாலும் நன்றாகவே போனது. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும் என்றெல்லாம் கேட்டார்கள். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், பான், ஆதார் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். “ரெண்டு நாள்ல ஹெச்.ஆர். கூப்பிடுவாங்க மேடம்.”

கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டபோதெல்லாம் சார் மீட்டிங்கில் இருந்தார். மெயிலுக்குப் பதில் கிடையாது. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. “என்னம்மா, ஏதாவது சொன்னாங்களா?” என்று சித்தப்பா கேட்பதும், “இல்லப்பா” என்று இவள் எழுந்து போவதும் வீட்டில் வாடிக்கையானது. பிறகு ஒருநாள் நௌக்ரியில் அதே வேலைக்கு அதே நிறுவனம் மறுபடி விளம்பரம் போட்டிருந்தது. அவளுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

இதை வெறும் அலட்சியம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நம்மூர் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். மற்ற துறைகளிலும் நீண்ட நோட்டீஸ் உண்டு. தேர்வானவர் பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்து சேர மூன்று மாதம் ஆகும். அதற்குள் இந்த ஆஃபர் லெட்டரைக் காட்டி வேறோர் இடத்தில் கூடுதல் சம்பளம் கேட்பார். சேரவேண்டிய நாளில் போனை அணைத்து வைப்பவர்களும் உண்டு. (விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவரவில்லை.) ஆகவே இரண்டாவதாக வந்தவரை விட்டுவிட ஹெச்.ஆருக்கு மனசு வராது. முதல் ஆள் கைவிட்டால் இவர் வேண்டும். ‘நீங்கள் தேர்வாகவில்லை’ என்றால் வேறு வேலை தேடிக்கொள்வார். ‘நீங்கள் இரண்டாவது’ என்றால் பேரம் பேசுவார். பேசாமல் இருந்துவிட்டால் நிறுவனத்துக்கு நயா பைசா செலவில்லை. செலவெல்லாம் காத்திருப்பவருக்கு. பெண் பார்த்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்று கிளம்பியவர்கள் எவ்வளவோ தேவலை. அங்கே தரகர் ஒருவராவது இருப்பார், உள்ளதைக் காதில் போட்டுவிடுவார்.

கையில் ஆஃபர் லெட்டர் வந்தபிறகும் இந்த மௌனம் தொடரும் என்பதை 2022-இல் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானவர்கள் பார்த்தார்கள். அப்போது இன்ஃபோசிஸ் ஆஃபர் கொடுத்த பட்டதாரிகளில் ஏராளமானோர் சேரும் தேதி தெரியாமலே 2024 வரை காத்திருந்தார்கள். ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்த பின்தான் விவகாரம் பெரிதானது. விப்ரோ 2023 பிப்ரவரியில் வேறு மாதிரி செய்தது: ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லி வைத்திருந்தவர்களிடம் மூன்றரை லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. அதற்குக் கண்டனம் எழுந்தது, எழத்தான் வேண்டும். ஆனால் கேட்கவாவது செய்தார்கள்.

அரசுத் தேர்வுகளைத் திட்டுகிறோம். டி.என்.பி.எஸ்.சி. முடிவு வருவதற்குள் வயசாகிவிடும் என்று கிண்டலடிக்கிறோம். ஆனால் அங்கே பட்டியல் என்று ஒன்று வரும். அதில் நம் பதிவெண் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. சந்தேகம் இருந்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். தனியாரிடம் அந்த மனு செல்லாது. காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டது. வந்து போனவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இருந்ததில்லை.

தமிழர்கள் நிறைய வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி இருக்கிறது. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், பொது விளம்பரம் கொடுத்து ஒருவரை இன்டர்வியூ செய்தால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் முடிவெடுத்தாயிற்றா இல்லையா என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் மட்டும் அனுப்பிய கூட்டத்துக்கு இது பொருந்தாது, இன்டர்வியூ செய்யப்பட்டவர்களுக்குத்தான். அது நியாயம்தான்: ஆயிரம் பேருக்கு யார் பதில் போடுவது என்று கேட்பவர்கள், வரச்சொல்லி உட்காரவைத்த நாலு பேருக்குமா அதே சாக்கைச் சொல்வார்கள்?

விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்களில், தேர்வாகாதவர்களுக்கு ஒரே அழுத்தில் மெயில் அனுப்பும் வசதி வெகுகாலமாகவே இருக்கிறது. சென்னையிலும் டொரன்டோவிலும் கிளை வைத்திருக்கும் நிறுவனம் இனி அங்கே அதை அழுத்தியாக வேண்டும். இங்கே அழுத்துவது அவர்கள் இஷ்டம்.