மருத்துவமனைக்குள் புகைக்கத் தடை ஏன்?

இரவு நேரத்தில் மாடிப்படித் திருப்பத்தின் ஜன்னலோரத்திலோ கழிவறையிலோ புகைக்கும் உறவினர்களைக் காவலர்கள் தடுக்கும்போது சிலருக்கு மனவருத்தம் ஏற்படுகிறது. "ஜன்னலைத் திறந்துவைத்துத்தானே புகைத்தேன்?" என்று அவர்கள் கேட்கின்றனர். அவர்களது நிலை நமக்குப் புரியாததன்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் விடிய விடியக் காத்திருப்பவரின் கை, தானாகவே சட்டைப்பையைத் தேடும். ஆயினும் இத்தடை மருத்துவமனை நிர்வாகம் வகுத்த தனி விதியன்று, நாட்டின் சட்டமாகும்.

முரளி தேவ்ரா தொடுத்த பொதுநல வழக்கில், 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், பொதுப் போக்குவரத்து முதலியவற்றில் புகைப்பதைத் தடைசெய்தது. புகைக்காதவரைப் பிறர் விடும் புகைக்கு ஆளாக்குவது அவரது வாழ்வுரிமையைப் பாதிக்கும் என்பதே அதன் அடிப்படை. 2003இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2008 அக்டோபர் 2 முதல் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. மீறுவோருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விமான நிலையங்களும் பெரிய தங்கும் விடுதிகளும் புகைப்பதற்கெனத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு அச்சலுகை இல்லை. புகையின் நுண்துகள்கள் ஜன்னல் வழியே முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. அடுத்த அறையில் ஆஸ்துமா நோயாளியோ, மாரடைப்பிலிருந்து மீண்டு வருபவரோ, பிறந்து இரண்டு நாளான குழந்தையோ இருக்கலாம். ஆக்சிஜன் குழாய்கள் செல்லும் கட்டடத்தில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் வேறு வழிகளிலும் செயல்படுகிறது. 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொருள் உறைகளின் இருபுறமும் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படம் இடம்பெறுகிறது. ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவர் அந்தப் படத்தைக் காண்பதே இல்லை. இஃது ஒரு பெரிய ஓட்டை என்றே கருதுகிறோம்.

வரியை உயர்த்துவதே மிகுந்த பயன் தரும் வழி என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விலை ஏறும்போது இளைஞர்களும் வருவாய் குறைந்தோரும் முதலில் குறைத்துக்கொள்கின்றனர். எனினும் பீடிக்குரிய வரி சிகரெட்டைவிடக் குறைவு. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களின் வாழ்வும் இதில் பிணைந்திருப்பதால் அரசுகள் தயங்குகின்றன. மலிவாகக் கிடைப்பதனாலோ என்னவோ, "பீடிதானே, டாக்டர்" என்று சொல்லும் நோயாளிகள் பலர். பீடிப் புகையிலுள்ள நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. நாட்டில் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோர் 2009-10இல் 34.6 விழுக்காடாக இருந்தனர், 2016-17இல் 28.6 விழுக்காடாகக் குறைந்தனர்.

சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. குழந்தைக்கு இங்கே நெபுலைசர் வைத்து மூச்சைச் சீராக்கி அனுப்புகிறோம். வீட்டில் தாத்தாவோ தந்தையோ அதே அறையில் புகைத்தால் அக்குழந்தை மீண்டும் இங்கேயே வர நேரிடும். தாய்மார் இதை வீட்டில் சொல்லத் தயங்கினால், மருத்துவரிடம் கூறுங்கள். பெரியவரை அழைத்து நாங்களே பேசுகிறோம்.

விட நினைப்பவர்களுக்கு உதவி உண்டு. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை முதல் வாரத்தில் மிகுதியாக இருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாயைப் போலத் தொடர்ந்து மெல்லக் கூடாது. சிறிது மென்றபின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தினால், நுரையீரல் தொற்றும் தையல் ஆறுவதில் தாமதமும் குறையும். அவ்வளவு அவகாசம் இல்லாவிட்டாலும் இன்றே நிறுத்துங்கள். மயக்க மருந்து நிபுணர் "நாளொன்றுக்கு எத்தனை?" என்று கேட்கும்போது உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள், கடிந்துகொள்வதற்காக அவர் கேட்கவில்லை, உங்கள் மூச்சைப் பாதுகாக்க ஆயத்தம் செய்வதற்காகவே கேட்கிறார்.