பிஞ்சுக் கைக்கு எந்தத் துப்பாக்கி?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் சாலையோரப் பட்டாசுக் கடைகளில் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். வருகிறவர்கள் விவரமானவர்கள். சரவெடிக்கு எத்தனை வாலா, புஸ்வாணம் எந்த சைஸ், எந்தக் கம்பெனி ராக்கெட் நேராகப் போகும் என்று கேட்டுக் கேட்டு வாங்குவார்கள். கடைசியில் பில் போடும் நேரத்தில், “சின்னவனுக்கு ஒரு துப்பாக்கியும் ரெண்டு டப்பா கேப்பும் போட்டுருங்க அண்ணாச்சி” என்று முடித்துக்கொள்வார்கள். அதை மட்டும் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

பார்த்து வாங்க வேண்டிய முதல் பொருளே அதுதான். அணுகுண்டையும் ராக்கெட்டையும் பெரியவர்கள் பற்றவைத்துவிட்டு விலகி ஓடுகிறார்கள். கேப் எனும் பொட்டு வெடி ஒன்றைத்தான் குழந்தை தன் கைக்குள்ளேயே, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து வெடிக்கிறது.

அந்தப் பொட்டுக்குள் என்ன இருக்கிறது?

சிவகாசியின் தொழில் கதை தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அடுத்த ஆண்டே ஊரில் உற்பத்தி தொடங்கியது. பட்டாசு அதற்குப் பிறகு வந்தது. இன்று நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது.

கேப்பைப் புரிந்துகொள்ள அந்தத் தீப்பெட்டியே போதும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசப்பட்டிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதால்தான் அது பாதுகாப்புத் தீப்பெட்டி. உரசும்போது மட்டும் அவை சந்திக்கின்றன, தீ பிறக்கிறது. கேப்பில் அந்த இரண்டும் ஒரே பொட்டாகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு தட்டு போதும், வெடிக்கும். காய்ந்த நிலையில் இந்தக் கலவை லேசான உரசலையும் தாங்காது. அதனால்தான் மருந்தை ஈரமாகவே கலக்கிறார்கள், ஈரமாகவே தாளில் வைக்கிறார்கள்.

சட்டமும் கேப்பைத் தனியாகவே பார்க்கிறது. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்து வெடிபொருள் செய்வதை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. ஆராய்ச்சிக்கான சிறு அளவு, தீக்குச்சித் தலை, பொம்மைத் துப்பாக்கிக்கான காகிதக் கேப் ஆகியவற்றுக்கு மட்டும் அந்த அறிவிக்கையில் விலக்கு உண்டு. ஒரு கேப்பில் இருக்கும் மருந்து மிகக் குறைவு என்பதால்தான் அது விளையாட்டுப் பொருள். நூறு கேப்பை ஒன்றாக்கினால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

மழையில் தோற்ற சுருள்

சிவப்புத் தாளில் வரிசையாகப் பொட்டு வைத்துச் சுற்றிய ரோல் கேப் குழந்தைகளுக்காகவே பிறந்தது என்று நினைக்கிறோம். போர்க்களத்தில் அதற்கு ஓர் அண்ணன் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் மேனார்டு, 1845இல் இரண்டு தாள்களுக்கு நடுவே வெடிமருந்துப் பொட்டுகளை வைத்துச் சுருளாக்கிக் காப்புரிமை பெற்றார். சுத்தியலை இழுக்கும்போதெல்லாம் சுருள் ஒரு பொட்டு முன்னே நகரும். அமெரிக்க ராணுவம் தன் 1855 மாடல் துப்பாக்கியில் அதைப் பொருத்திப் பார்த்தது. மழையிலும் ஈரத்திலும் தாள் நமுத்துப்போய்ச் சுருள் காலை வாரிவிட்டதால், 1861 மாடலில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டது.

நமக்குத் தீபாவளி வருவதே ஐப்பசி அடைமழையில். ரோல் கேப் வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள்; அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நமுத்துப்போன சுருளைக் குப்பையில் எறிவதற்கு முன் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள்.

பிளாஸ்டிக் ரிங் கேப்பில் இந்தத் தொல்லை குறைவு. எட்டுக் குழிகள் கொண்ட வளையத்தில் குழிக்கு ஒரு பொட்டு. சுருள் வழுக்குவது, கிழிவது, பொட்டைத் தாண்டிப் போவது எல்லாம் இதில் இல்லை. துப்பாக்கிக்கு ஏற்ற வளையத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். எட்டுக் குழித் துப்பாக்கிக்குப் பன்னிரண்டு குழி வளையம் சேராது. பிடிவாதமாக அழுத்திப் பொருத்தினால் பொட்டு அங்கேயே வெடிக்கலாம். என்னைக் கேட்டால், சின்னக் குழந்தைக்கு ரிங் கேப்தான்.

கடையிலேயே கையில் கொடுங்கள்

கேப் போடாத துப்பாக்கியைக் கடையிலேயே குழந்தையின் கையில் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள கவட்டையில் பிடியின் முதுகு ஒட்டி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் பிள்ளை பிடியை நழுவவிட்டு விரலை நீட்டும். அப்போது குழல் தன் முகத்தையோ பக்கத்தில் நிற்கும் தங்கையையோ பார்த்துத் திரும்பிவிடும்.

அடுத்து, பத்துத் தடவை விசையை இழுக்கச் சொல்லுங்கள். ஒற்றை விரலால் இழுக்க முடிகிறதா? மூன்றாவது தடவையிலேயே இரண்டு விரலைப் போட்டாலோ, இன்னொரு கையைத் துணைக்கு அழைத்தாலோ அந்த ஸ்பிரிங் அவனுக்கு மிஞ்சியது. ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தாலும் உதவாது. அடி பலமாக விழாமல் பாதிப் பொட்டு வெடிக்காமலே போகும். வெடிக்காத துப்பாக்கியைப் பிள்ளை என்ன செய்யும்? திருப்பி, உள்ளே எட்டிப் பார்க்கும். விபத்து அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவதாக மூடியைப் பாருங்கள். சுத்தியல் பொட்டை அடிக்கும் இடத்தை மறைக்கும் கதவு கிளிக்கென்று மூடி, குலுக்கினாலும் திறக்காமல் இருக்க வேண்டும். பொறியும் பிளாஸ்டிக் சில்லும் கண்ணுக்குப் போகாமல் காப்பது அந்தச் சின்னக் கதவுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். அசல் துப்பாக்கி போலக் கறுப்பாகப் பளபளப்பதைவிட, தூரத்திலேயே பொம்மை என்று தெரியும் சிவப்போ பச்சையோ நல்லது.

போன வருடத்துத் துப்பாக்கியைப் பரணிலிருந்து எடுத்தால் விசை இறுகிப்போய் நகராது. எரிந்த பாஸ்பரஸின் மிச்சம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறி இரும்பை அரித்துவிடுவதுதான் காரணம். பண்டிகை முடிந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, சுத்தியலின் அச்சில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு வைத்தால் அடுத்த வருடமும் உழைக்கும்.

கூடவே கூடாதவை

போல்ட்டு நட்டுக்குள் கேப்பைத் திணித்து முறுக்கித் தரையில் எறியும் விளையாட்டு நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. வெடிப்பில் இரும்பே தெறிக்கும். முழுச் சுருளையும் மடித்துக் கல்லால் நசுக்குவதும், பொட்டிலிருந்து மருந்தைச் சுரண்டிச் சேர்ப்பதும் அதே ரகம். கேப்பைச் சட்டைப் பைக்குள் போடக் கூடாது. சில்லறைக் காசோடு உரசினாலே பற்றிக்கொள்ளக்கூடும். காதருகே சுடக் கூடாது. சிவகாசியில் வாங்கியதை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகவும் கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

இந்த மருந்தோடு அன்றாடம் பழகுகிறவர்கள் அதை ஒருநாளும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த விபத்து குறைந்தது 38 பேரைப் பலிகொண்டது. உராய்வு, வெப்பம், அளவுக்கு மீறிக் குவித்த மருந்து ஆகியவை எப்படி முடியும் என்பதை இந்த வட்டாரம் உயிர் கொடுத்துக் கற்றிருக்கிறது. அவர்கள் ஆலைக்குள் கடைப்பிடிக்கும் கவனத்தில் கால்வாசியாவது நம் வீட்டு வாசலில் இருக்க வேண்டும்.

எனவே இந்தத் தீபாவளிக்குத் துப்பாக்கியைப் பில்லின் கடைசி வரியாக எழுதாதீர்கள். பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். அவன் கைக்கு அடங்குவதை, அவள் விரலுக்கு இணங்குவதை, மூடி இறுக மூடுவதை வாங்குங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் வேண்டவே வேண்டாம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். வாங்கித் தந்துவிட்டால், அது வெடித்து முடியும் வரை பக்கத்திலேயே இருங்கள்.