பழைய நாணயத்தை கிரேடிங்குக்கு அனுப்பப் போறீங்களா? முதல்ல வருஷத்தைப் பாருங்க!

பாடி திருவல்லீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என் அத்தை வீடு. போன மாதம் போயிருந்தபோது, பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே தாத்தா சேர்த்துவைத்த நாணயங்கள்.

"கண்ணு, நீ பத்திரிகையிலதானே இருக்கே. இதெல்லாம் என்ன விலை போகும்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன். சின்னவளுக்கு அடுத்த மாசம் காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்றார்.

ஏற்கெனவே ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறார். ஒரு வெள்ளி ரூபாய்க்கு மூன்று லட்சம் தருவதாகவும், அதற்கு முன் 'ரிசர்வ் வங்கி பதிவுக் கட்டணம்' 1,850 ரூபாய் அனுப்பும்படியும் கேட்டிருக்கிறார். நல்லவேளை, அத்தைக்கு ஜிபே பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது!

"அதெல்லாம் ஏமாத்து வேலை அத்தை. அமெரிக்காவுக்கு அனுப்பி முறையா சர்ட்டிபிகேட் வாங்கிடலாம்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அப்படி அனுப்பியிருந்தால், சிக்கலில் மாட்டியிருப்பது நான்தான். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டு டின்னையும் நீங்கள் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கிரேடிங் என்றால் என்ன?

விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று நாணயத்தைப் பரிசோதித்து, அசலா போலியா என்று பார்த்து, அதன் தரத்துக்கு மதிப்பெண் போடுவதுதான் கிரேடிங். அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய இரண்டும் இதில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றவை. இரண்டும் 1980-களில் தொடங்கப்பட்டவை.

மதிப்பெண் 1 முதல் 70 வரை. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக உருவாக்கிய அளவுகோல் இது. புழக்கத்துக்கே வராத நாணயங்களுக்கு 60-க்கு மேல் கிடைக்கும். சோதனை முடிந்ததும், நாணயத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி, எண்ணோடு லேபிள் ஒட்டித் தருவார்கள். சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்லாப்' என்பார்கள். முன்பின் தெரியாதவரிடமிருந்து ஆன்லைனில் வாங்குபவருக்கு அந்த ஸ்லாப் ஒரு நம்பிக்கை.

நூறு வயதானால் நாடு தாண்டக் கூடாது

அத்தையின் டின்னில் இருந்ததிலேயே முக்கியமானது 1911-ம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய். அதற்கு ஒரு கதை உண்டு. மன்னரின் அங்கியில் இருக்கும் யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912-ல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் இதை 'பன்றி ரூபாய்' என்றுதான் அழைக்கிறார்கள். அடிக்கப்பட்டவை சுமார் 94 லட்சம். வெளியே வந்தவை சுமார் 7 லட்சம்தான். மீதியை உருக்கிவிட்டார்கள்.

இந்த நாணயத்தைத்தான் நான் அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றேன். ஆனால், 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம் 'தொல்பொருள்'. மத்திய அரசும் அது அதிகாரமளித்த அமைப்புகளும் தவிர, வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. 'விற்கவில்லை, சோதித்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வேன்' என்று நாமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டு பார்சல் கட்ட முடியாது.

இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதையும் கவனியுங்கள். 1938-ம் ஆண்டு ரூபாய்க்கு இன்று தடை இல்லை. 2038-ல் அதுவும் தொல்பொருளாகிவிடும். வயதில் சந்தேகம் இருந்தால், 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்கலாம். அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது.

பரம்பரையாக வந்த பழைய நாணயத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால், கிணறு தோண்டும்போதோ, அஸ்திவாரம் போடும்போதோ கிடைத்த புதையல் என்றால் கதை வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம்.

புளி போட்டுத் தேய்க்காதீங்க!

அடுத்த அதிர்ச்சி நாணயத்தைக் கையில் எடுத்தபோது. அத்தை பெருமையாகச் சொன்னார்: "நீ வர்றேன்னு புளி போட்டு நல்லா தேச்சு வெச்சேன். பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

குத்துவிளக்குக்குப் புளி சரி. நாணயத்துக்கு அது எமன். பல ஆண்டுகளில் தானாகப் படிந்த நிறமும், அச்சிலிருந்து வந்த இயல்பான மினுமினுப்பும் தேய்த்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் விழும். பரிசோதகர் லென்ஸில் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட நாணயங்களுக்கு முழு மதிப்பெண் தராமல், 'சுத்தம் செய்யப்பட்டது' என்று லேபிளிலேயே எழுதிவிடுவார்கள். புளி, விபூதி, பல்பொடி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடியுங்கள். கீழே மெத்தென்று ஒரு துணி இருக்கட்டும்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

நூறு வயதாகாத, உண்மையிலேயே அரிதான நாணயம் உங்களிடம் இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. அசலா என்று முதலில் இங்கேயே பாருங்கள். 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை சுமார் 11.66 கிராம். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பார்க்கலாம். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியே இல்லை. 1818 என்று போட்டு ராமர், அனுமன் உருவத்தோடு வரும் 'கிழக்கிந்தியக் கம்பெனி' காசுகளைக் கம்பெனி வெளியிடவே இல்லை. 'அரிசியை இழுக்கும்' என்று சொல்லி லட்சங்களில் பேரம் பேசினால், அது ரைஸ் புல்லிங் மோசடி.

2. கணக்குப் போடுங்கள். கிரேடிங் கட்டணம், டீலர் கமிஷன், போக வர அனுப்பும் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் சாதாரண நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும். அத்தையின் டின்னில் இருந்த 1940-களின் ரூபாய்கள் அப்படித்தான்.

3. போட்டோ எடுங்கள். இரண்டு பக்கமும் ஓரமும், பகல் வெளிச்சத்தில். ஏற்கெனவே உள்ள கீறல், கறை தெளிவாகத் தெரிய வேண்டும். எடையையும் குறித்துவையுங்கள். நாணயம் மாறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் இதுதான் உங்கள் சாட்சி. இந்தப் போட்டோக்களை ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

4. டீலரைச் சரிபாருங்கள். கிரேடிங் நிறுவனங்களின் இணையதளத்திலேயே அங்கீகாரம் பெற்ற டீலர்களைத் தேடலாம். டீலர் காட்டும் கார்டை நம்பாமல் நீங்களே தேடுங்கள். நாணயத்தின் ஆண்டு, எடை, ஒப்புக்கொண்ட மதிப்பு, திரும்பி வரும் தேதி, வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுதிய ரசீது இல்லாமல் கைமாற்றாதீர்கள்.

5. சரியாகப் பேக் செய்யுங்கள். மெத்தென்று வளையும் பி.வி.சி. பாக்கெட்டில் நாளடைவில் பச்சைப் பிசின் படியும். பி.வி.சி. இல்லாத உறை வாங்குங்கள். ஒரு உறையில் ஒரு நாணயம். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. பெட்டியின் மேல் 'நாணயம்' என்று விளம்பரம் வேண்டாம். ஆனால், சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

6. இன்ஷூரன்ஸைப் படித்துப் பாருங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நாணயம், பணம், நகையை ஏற்பதில்லை. சொல்லாமல் அனுப்பித் தொலைந்தால் நஷ்டஈடு கிடைக்காது. போகும்போது ஏற்றுமதி ஆவணம் சரியாக இல்லாவிட்டால், திரும்பி வரும் உங்கள் சொந்த நாணயத்துக்கே வரி கேட்கப்படலாம். இதை டீலரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

7. வந்ததும் சரிபாருங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஸ்லாப்பில் உள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். போலி ஸ்லாப்களும் சந்தையில் உலவுவதால், வாங்கும்போதும் இதையே செய்யுங்கள்.

கூடவே ஒன்று. பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்திருக்கிறது. வங்கியின் பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

பன்றி ரூபாய் என்ன ஆனது?

அதை எங்கேயும் அனுப்பவில்லை. சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்கு அத்தையையே அழைத்துப் போனேன். மூன்று டீலர்களிடம் தனித்தனியாகக் காட்டினோம். அசல்தான் என்று மூவரும் சொன்னார்கள். தேய்த்ததால் விலை இறங்கிவிட்டது என்பதையும் மூவருமே சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகையில் காலேஜ் ஃபீஸில் பாதிகூட வராது.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நாணயத்தை என்னிடமிருந்து வாங்கி, டீலர் கொடுத்த புது உறையில் வைத்தார். "ஃபீஸுக்குச் சீட்டுப் பணம் எடுத்துக்கறேன் விடு. இது அப்பா ஞாபகமா இருக்கட்டும்" என்றார்.

பஸ் பாடி மேம்பாலம் ஏறும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏன் கண்ணு, டின்னுல மிச்சம் இருக்கற காசையும் தேய்க்கக் கூடாதா?"

"தொடவே கூடாது அத்தை!"