ஒற்றைக் கை நீதி தேவன்

பொய்க்கு ஜாமீன் நின்று வலது கையைப் பறிகொடுத்தவர் ஒரு தேவன். வேடிக்கை என்னவென்றால், சட்டத்துக்கும் நீதிக்கும் அதிபதியே அவர்தான்!

அவர் பெயர் டைர். வட ஐரோப்பாவின் பழைய தெய்வம். ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமையின் பெயர் அவருடைய பெயரில் இருந்து வந்ததுதான். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளைஞர்கள் அவரை ஒரு விளையாட்டில் சந்திக்கிறார்கள். அங்கே அவருக்குக் கோவில் உண்டு, பூசாரிகளும் உண்டு.

"டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்பது அந்த விளையாட்டின் பெயர். 1974-ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் பிறந்தது. உருவாக்கியவர்கள் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். 1970-ல் வேலை போயிற்று. பிறகு செருப்புத் தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். முதலில் அச்சிட்ட பிரதிகள் 1,000. பெட்டிகளில் அடுக்கும் வேலை வீட்டிலேயே நடந்தது.

ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன், ஒருவர் பூசாரி என்று வேடம் ஏற்பார்கள். இன்னொருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். வீசிய வாள் எதிரி மேல் பட்டதா, இல்லையா? 20 முகம் கொண்ட பகடை சொல்லும்.

பூசாரி வேடம் என்றால் கும்பிட ஒரு சாமி வேண்டுமே! அதற்காகவே 1980-ல் தெய்வங்களின் பட்டியலைப் பெரிய புத்தகமாகப் போட்டார்கள். டைர் அதில் இருக்கிறார். இந்திரன், வருணன், யமன் இருக்கிறார்கள். கார்த்திகேயன் என்ற பெயரில் நம் முருகனும் இருக்கிறார்! எல்லாருக்கும் பலம் இவ்வளவு, அறிவு இவ்வளவு என்று மார்க் வேறு போட்டிருக்கிறார்கள். சாமிக்கே மார்க் போடும் துணிச்சல் அவர்களுக்குத்தான் வரும்.

ஓநாயின் வாயில் கை

டைர் கையை இழந்த கதை பழைய புராணத்தில் உள்ளது. பென்ரிர் என்ற ராட்சத ஓநாய் வளர்ந்துகொண்டே போனது. தேவர்கள் பயந்தார்கள். இரும்புச் சங்கிலியால் இரண்டு முறை கட்டினார்கள். இரண்டையும் அறுத்து எறிந்தது. பிறகு குள்ளர்களிடம் சொல்லிப் பட்டு நூல் போல ஒரு கயிறு செய்தார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், மீனின் மூச்சு என்று உலகில் இல்லாத சரக்குகளைச் சேர்த்துத் திரித்த கயிறு அது!

"சும்மா விளையாட்டுக்குக் கட்டுகிறோம், பிறகு அவிழ்த்து விடுகிறோம்" என்றார்கள். ஓநாய்க்குச் சந்தேகம். "யாராவது ஒருவர் என் வாயில் கையை வையுங்கள், சம்மதிக்கிறேன்" என்றது. ஒருவரும் அசையவில்லை. டைர் மட்டும் முன்வந்து வலது கையை நீட்டினார். கயிறு இறுகியது. அவிழ்க்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் ஓநாய் கையைக் கடித்துத் துண்டித்தது. மற்றத் தேவர்கள் சிரித்தார்கள். டைர் சிரிக்கவில்லை.

ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை.

பூசாரிகளின் குறிப்பேடு

கனடாவில் நூலக ஊழியராக இருந்த எட் கிரீன்வுட் என்பவர் சிறு வயதிலேயே ஒரு கற்பனை உலகத்தைப் படைத்தார். 1987-ல் அது இந்த விளையாட்டுக்கான உலகமாக வெளிவந்தது. அங்கே குடியேறிய டைருக்குக் கையோடு கண் பார்வையும் இல்லை. சுத்தியல் மேல் நிற்கும் தராசு அவர் சின்னம். பூசாரிகள் இடது கையில் வெள்ளை உறையும் வலது கையில் கறுப்பு உறையும் அணிவார்கள். கறுப்பு, போன கைக்காக. மாதம் 13-ந் தேதி கை இழந்த நினைவுச் சடங்கு. 22-ந் தேதி கண் இழந்த நினைவுச் சடங்கு. அன்று மெல்லிய துணியால் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள்.

இவர்கள் வெறும் மணி ஆட்டும் பூசாரிகள் அல்ல. ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். அநீதியான சட்டத்தைச் சுட்டிக்காட்டி, மாற்று வழியும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டளை: தன் தீர்ப்புகளைத் தானே எழுதி வைக்க வேண்டும். தவறு நேர்ந்திருந்தால் பிறகு திருத்த அதுதான் வழி. பைலின் அருமை தெரிந்த சாமி!

பசியால் ரொட்டி திருடியவளின் கையை வெட்டச் சொல்கிறது ஓர் ஊரின் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். கை இழந்த தேவனின் பூசாரி என்ன சொல்வான்? பகடை உருட்டி இதற்கு விடை காண முடியாது. வேடம் போட்டவரே யோசித்துச் சொல்ல வேண்டும். பூசாரி தன் தெய்வத்தின் நெறியில் இருந்து வழுவினால் அவனுடைய மந்திரங்களைப் பறிக்க நடுவருக்குப் பழைய பதிப்புகளின் விதியில் இடம் இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடும் நண்பரின் வேடமே திருடனாக இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பு!

தவறிய தீர்ப்பு

அந்த உலகத்தின் வரலாறாக 2007-ல் வந்த நூல் டைரை வேறு விதமாகக் காட்டியது. டைமோரா என்ற அதிர்ஷ்ட தேவதையை அவர் மணக்க இருந்தார். இருவருக்கும் இடையே தூது போனவர் காவல் தெய்வமான ஹெல்ம். ஹெல்முக்கும் அவளுக்கும் காதல் என்று வதந்தி கிளம்பியது. உண்மையில் அது வஞ்சகக் கடவுள் ஒருவரின் வேலை. டைர் அதை நம்பினார். நண்பரைப் போருக்கு அழைத்துக் கொன்றே விட்டார்.

தீர்ப்பை எழுதி வை என்று பூசாரிகளுக்குச் சொன்னவர், தன் வழக்கில் ஒரு சாட்சியைக்கூட ஒழுங்காக விசாரிக்கவில்லை.

2008-ல் வந்த நான்காம் பதிப்பில் டைரும் மாண்டுபோனார். 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது தெய்வங்களின் பட்டியலைத் திரும்ப எழுதினார்கள். டைர் அதில் இருக்கிறார். ஹெல்மும் இருக்கிறார். ஆங்கில அகர வரிசைப்படி ஹெல்ம் முன்னால், டைர் பின்னால்.