குப்பைக்குழிப் புழுவைத் தரையில் விட்டுப் பாருங்கள்!

போன மாதம் அலுவலகம் திறந்த கையோடு ஒரு அம்மா ஐஸ்கிரீம் டப்பாவுடன் வந்து நின்றார். 2 ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போடுபவர். வேலியோரம் சில தென்னைகளும் உண்டு. டப்பாவுக்குள் தொழுவுரம், அதில் வெள்ளை வெளேரென்று 12 புழுக்கள்.

"குப்பைக்குழி பூரா இதுதான் சார். போன வருஷம் குருணை மருந்து அள்ளிப் போட்டேன். இந்த வருஷமும் வந்துருச்சு. இன்னும் காட்டமா ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

நான் மருந்து எழுதவில்லை. டப்பாவைச் சிமென்ட் தரையில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் 9 புழுக்கள் மல்லாந்து, கால்களை மேலே தூக்கிக்கொண்டு, முதுகாலேயே ஊர்ந்து பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன. மீதி 3 வளைந்து, பக்கவாட்டில் அப்படியே கிடந்தன. "இதென்ன சார், மல்லாக்கப் போகுது!" என்று அந்த அம்மா சிரித்துவிட்டார்.

மல்லாந்து போனவை பூவண்டின் புழுக்கள். பூவண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பு பூக்கும்போது கதிரில் பச்சைப் பளபளப்போடு உட்கார்ந்திருக்கும். செப்பு கலந்த பச்சையில் வெள்ளைப் புள்ளி வைத்ததும் உண்டு. அந்தப் பளபளப்பு சாயம் அல்ல. ஓட்டின் மேல்புறம் மெல்லிய அடுக்குகளால் ஆனது. அதில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நமக்கு நிறமாகத் தெரிகிறது. செத்துக் காய்ந்த வண்டும் மின்னுவது அதனால்தான். சின்ன வயதில் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டு வேறு குடும்பம். இது சாணி உருட்டும் வண்டுக்குச் சொந்தம்.

தாய் வண்டு மக்கும் குப்பையைத் தேடி வந்து முட்டையிடும். பொரித்து வரும் புழு 2 முறை தோலுரித்துப் பருக்கும். அதுவரை அதற்கு வேலை, குப்பையைத் தின்று புழுக்கை புழுக்கையாகத் தள்ளுவதுதான். மண்புழுவைப் போல இதுவும் நமக்காக எருவை அரைத்துக் கொடுக்கிறது. வளர்ந்த பிறகு மண்ணையும் தன் கழிவையும் குழைத்துக் கோலிக்குண்டு போல ஒரு கூடு கட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகும். எரு அள்ளும்போது மண்கட்டி என்று நாம் தூக்கி எறிவதில் பாதி இந்தக் கூடாக இருக்கும். உடைத்துப் பாருங்கள்.

வளர்ந்த வண்டு மகரந்தமும் பூவிதழும் தின்னும். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். கம்பங்கதிரிலோ ரோஜாவிலோ கூட்டமாக மொய்த்தால், வெயில் ஏறும் முன்பு அது மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் வாளியில் உதறி விடுங்கள். பூக்கும் நேரத்தில் மருந்தடித்தால் தேனீயும் சேர்ந்து சாகும்.

அசையாமல் கிடந்த 3 புழுக்கள்தான் வில்லன்கள். அவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். தலை பெரிது, முற்றினால் கட்டைவிரல் பருமன் வரும். வண்டானதும் தென்னைக் குருத்தைக் குடையும். விசிறி மாதிரி வெட்டுப்பட்ட மட்டை அதன் கைவரிசை. எருவைப் புரட்டும்போதே பொறுக்கி அழித்துவிடுங்கள். குழி முழுக்க இவையே இருந்தால் மெட்டாரைசியம் பூஞ்சாணம் ஊற்றலாம். தோப்பில் 1 கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானைகளில் வைத்தால் வண்டு வந்து விழும்.

நிலக்கடலை, கரும்பின் உயிருள்ள வேரைத் தின்னும் வெள்ளை வேர்ப்புழு மூன்றாவது ரகம். அதுவும் மல்லாந்து ஊராது. அதன் வண்டு மங்கிய பழுப்பு. கோடை மழை பெய்த மாலையில் வேப்பமரத்தில் மொய்க்கும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை என்பதால், அந்தச் சில நாட்களில் மரத்தை உலுக்கி வண்டைப் பிடித்து அழிப்பது பெரிய பலன் தரும்.

ஒரு புழுவை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூடு கட்டப் போகும் புழு சோம்பிக் கிடக்கும். பத்தையாவது வழவழப்பான தரையில் விட்டு, 5 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைப் பார்க்காமல், வெள்ளைப் புழு என்றாலே குழிக்கு மருந்து எழுதியவன்தான். அந்த விஷம் எருவோடு கத்தரிப் பாத்திக்குப் போகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த அம்மா பெஞ்சுக்கு அடியில் குனிந்து 9 புழுக்களையும் பொறுக்கி, அதே டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மற்ற மூன்றும் அலுவலக வாசலில் மேய்ந்த கோழிக்கு.