வடபுலத்துக் கடற்படம்

ஊர்கள் எங்குள்ளன, ஆறுகள் எவ்வழியே ஓடுகின்றன என்று காட்டுதல் தேசப்படத்தின் தொழில். ஆயின், ஒரு நாட்டின் எல்லையோடு அந்நாட்டு மக்களின் வாழ்வையும் ஒருங்கே காட்ட விழைபவனுக்குக் கோடுகள் மட்டும் போதா. அவன் ஓவியத்தை நாடுதல் வேண்டும். அவ்வோவியங்களுக்குரிய உருவங்களை அவன் எங்கிருந்து பெறுவான்? இவ்வினாவிற்கு விடை பகரும் பெரும்படம் ஒன்று 1539-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள வெனிஸ் நகரில் அச்சாயிற்று. கடற்படம் எனப் பொருள்படும் 'கார்த்தா மரீனா' என்பது அதன் பெயர்.

அதனை இயற்றியவர் ஓலாஸ் மாக்னஸ் என்னும் கத்தோலிக்கக் குரு. அவர் 1490-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லிங்கோப்பிங் நகரில் தோன்றியவர். அரசன் பணியின்பொருட்டு அயல்நாடு சென்றிருந்த காலத்தில், அவ்வரசனாகிய குஸ்தாவ் வாசாவே லூத்தரின் புதுநெறியின் பக்கம் சாய்ந்தான். பழைய சமயத்தை விட மனமில்லாத ஓலாஸ் பிறந்த நாட்டிற்கு மீளவில்லை. 1530-இல் அவருடைய உடைமைகளும் பறிமுதலாயின. தென்னாட்டு அறிஞரோ வடபுலத்தைப் பற்றி ஒன்றும் அறிந்திலர். பண்டைத் தாலமியின் நூலில் ஸ்காண்டிநேவியா சிறியதொரு தீவாகவே காணப்பட்டது. மீண்டும் அடிவைக்க இயலாத தாயகத்தை ஏட்டிலேனும் நிலைநாட்டிவிட வேண்டும் என்னும் வேட்கையே பன்னிரண்டு ஆண்டுகள் அவரை உழைக்கச் செய்தது எனலாம். ஒன்பது மரப்பலகைகளிற் செதுக்கி அச்சிட்ட அப்படம், ஏறத்தாழ 170 சென்டிமீட்டர் அகலமும் 125 சென்டிமீட்டர் உயரமும் உடையது.

படத்தின் நிலப்பகுதியிற் கண்ணைச் செலுத்துவோர் வாழும் நாடொன்றையே காண்பர். ஆடவரும் மகளிரும் நீண்ட மரச்சறுக்குகளைக் காலிற் பூட்டிப் பனிமேல் வேட்டையாடுகின்றனர். ஒரு பெண் பனிமானிடம் பால் கறக்கிறாள். உறைந்த கடலின்மீது குதிரைகள் வண்டி இழுத்துச் செல்கின்றன. வெனிஸ் நகரத்தார்க்குக் கட்டுக்கதையாகத் தோன்றியிருக்கக்கூடிய இவையெல்லாம் மெய்யே. ஓலாஸ் 1518, 1519-ஆம் ஆண்டுகளில் திருச்சபைப் பணியாக வடசுவீடனிலும் நார்வேயிலும் சுற்றியவர். அன்று கண்டவற்றை, ஊரையும் உறவையும் பிரிந்து இருந்தபோது, நெஞ்சிலிருந்து எடுத்து வரைந்தார்.

கடலோ வேறு வகையானது. நார்வேக்கும் ஐஸ்லாந்திற்கும் இடையே அச்சந்தரும் உருவங்கள் திரண்டு கிடக்கின்றன. செந்நிறப் பாம்பொன்று கப்பலைச் சுற்றி வளைக்கிறது. பெருந்திமிங்கிலங்களை விலக்குவதற்கு மாலுமிகள் ஊதுகொம்பு முழக்குகின்றனர். பீப்பாய்களையும் நீரில் எறிகின்றனர். திமிங்கிலத்தைத் தீவென்று கருதி, அதன் முதுகில் தீமூட்டிச் சமைப்பாரும் உளர்! இக்கடைசிக் கதை அவர் படைத்ததன்று. பழைய விலங்கு நூல்களில் வழிவழியாக வந்தது. ஏனையவற்றுட் பலவற்றை, அவர் ஆண்டுகள் பல தங்கியிருந்த டான்சிக் துறைமுகத்தில் மாலுமிகள் வாய்க் கேட்டிருத்தல் கூடும். கேட்டவை முற்றும் பொய்யுமல்ல. வால்ரஸ் என்னும் கடல்விலங்கு பாறையிற் பல்லை மாட்டிக்கொண்டு தொங்கியவாறே உறங்கும் என்று அவர் எழுதியது மிகை. ஆயின் அவ்விலங்கும் அதன் நீண்ட பல்லும், அப்பல்லை ஊன்றி அது பனிக்கட்டிமேல் ஏறுதலும் உண்மை. செவிவழி வந்த செய்தி ஓவியமாகும்போது, உண்மையின் எலும்பின்மேல் அச்சம் தசையாக வளர்ந்துவிடுகிறது.

இவ்வுருவங்களைப் பின்னோர் தயங்காது எடுத்தாண்டனர். செபாஸ்டியன் மூன்ஸ்டர், கான்ராட் கெஸ்னர் ஆகியோரின் நூல்களிலும், ஆர்ட்டீலியஸ் வெளியிட்ட ஐஸ்லாந்துப் படத்திலும் இவ்விலங்குகளே நீந்துகின்றன. ஓலாஸும் தம் படத்தை விரித்து, 1555-இல் ரோம் நகரில் வடபுல மக்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் தமையனார் மறைந்தபின் உப்சாலாவின் பேராயர் என்னும் பட்டம் அவரையே அடைந்தது. அப்பேராலயத்தை அடையத்தான் வழியில்லை. 1557-இல் ரோமிலேயே மறைந்தார்.

மூலப்படம் நெடுங்காலம் அழிந்ததாகவே கருதப்பட்டது. 1886-இல் ஜெர்மனியின் மியூனிக் நூலகத்தில் ஒரு படி வெளிப்பட்டது. பின்னர்ச் சுவிட்சர்லாந்தில் மற்றொன்று கிடைக்க, 1962-இல் உப்சாலாப் பல்கலைக்கழகம் அதனைப் பெற்றது. ஆசிரியர் செல்ல இயலாத ஊருக்கு அவர் படம் சென்று சேர்ந்தது.

ஐஸ்லாந்திற்குக் கிழக்கே, அலைகளைக் குறிக்கும் கோடுகள் பெருஞ்சுருள்களாக வளைந்திருக்கும். அழகுக்காக இட்டவை என்றே பலரும் அவற்றைக் கடந்தனர். 2003-ஆம் ஆண்டில் கடலாய்வாளர் இருவர் அவற்றைச் செயற்கைக்கோள் பதிவுகளோடு ஒப்புநோக்கினர். தண்ணீரோட்டமும் வெந்நீரோட்டமும் சந்தித்துச் சுழியிடும் கடற்பகுதி அஃது. ஐஸ்லாந்தைக் கண்டறியாத ஓலாஸுக்கு அச்சுழிகளைச் சொன்னவர்கள், அவற்றிற் கலம் செலுத்திய மாலுமிகளாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து.