உடம்புக்குள் ஒரு சுடாத நெருப்பு!

ஒரு கரண்டி சர்க்கரையைத் தீயில் காட்டினால் என்ன ஆகும்? உருகும், கருகும், பிறகு எரியும். காலையில் நீங்கள் சாப்பிட்ட இட்லியும் செரித்து, குளுக்கோஸ் என்ற சர்க்கரையாகிறது. அதுவும் ஆக்சிஜனோடு சேர்ந்து உடம்புக்குள் 'எரியத்தான்' செய்கிறது. ஆனால், நமக்குச் சுடுவதே இல்லையே! எப்படி, குட்டீஸ்?

அடுப்பில் சர்க்கரையின் சக்தி முழுவதும் ஒரேயடியாக வெளியேறிவிடும். நம் செல்களோ, சின்னச் சின்னப் படிகளாகச் சர்க்கரையைப் பிரிக்கின்றன. முதலில் குளுக்கோஸ் இரண்டு துண்டாகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. பிறகு அந்தத் துண்டுகள், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகின்றன. அங்கேதான் ஆக்சிஜனின் உதவியோடு பெரும்பகுதி சக்தி கிடைக்கிறது. மிஞ்சுவது தண்ணீரும் கரியமில வாயுவும்!

பஸ்ஸில் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டினால், கண்டக்டர் ''சில்லறை இல்லையா?'' என்பார் அல்லவா? குளுக்கோஸ் அந்த 500 ரூபாய் நோட்டு மாதிரி. செல் அதை 'ஏ.டி.பி.' என்ற சில்லறையாக மாற்றுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கும். கண் சிமிட்ட, ஓட, கணக்குப் போட எல்லாவற்றுக்கும் இந்தச் சில்லறைதான் செலவாகிறது. மீதிச் சக்தி வெப்பமாகி, உடம்பைக் கதகதப்பாக வைக்கிறது.

ஏ.டி.பி.யை உடம்பு சேமித்து வைப்பதில்லை. செலவாகச் செலவாகத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால், ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. மட்டுமே மிஞ்சும். இது மூளைக்குப் போதாது. மூச்சு நின்றால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வருவது இதனால்தான்!

இந்தப் படிகளில் முக்கியமான ஒரு சுழற்சியை 1937-ல் கண்டுபிடித்தவர், ஹான்ஸ் கிரெப்ஸ். ஜெர்மனியில் நாஜிகளால் வேலை இழந்து, 1933-ல் இங்கிலாந்துக்கு வந்தவர். புறாவின் மார்புத் தசையை வைத்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார். புகழ்பெற்ற 'நேச்சர்' இதழ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. கிரெப்ஸ் சோர்ந்துவிடவில்லை, வேறு இதழில் வெளியிட்டார். அதே கண்டுபிடிப்புக்காக 1953-ல் நோபல் பரிசும் பெற்றார்!

செய்து பாருங்கள்: ஆசிரியர் துணையோடு, தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதுங்கள் (உறிஞ்சக் கூடாது!). நீர் பால் போல மாறும். உங்கள் மூச்சில் வரும் கரியமில வாயுவின் வேலை அது. சுடாத நெருப்பின் 'புகை' அதுதான்!